16 வயதில் ‘டிவிஎஸ் 50’ ஓட்டலாமா? சாவி கொடுக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய லைசென்ஸ் விதிகள்!

வீடு ஸ்ரீரங்கத்தில். டியூஷன் தில்லைநகரில். பையன் ப்ளஸ் டூ படிக்கிறான், வயசு 17. பஸ்ஸுக்குக் காத்திருந்து போனால் நேரமாகிவிடும். வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டரை எடுத்தால் காவிரி பாலத்தைத் தாண்டி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடலாம். “பக்கத்துலதானே... ஹெல்மெட் போட்டுக்கிட்டு மெதுவா போயிட்டு வா” என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்படிச் சாவி கை மாறாத தெருவே திருச்சியில் இல்லை எனலாம். கேட்டால், “16 வயசு ஆச்சுன்னா கியர் இல்லாத வண்டி ஓட்டலாமே?” என்று பதில் வரும். இது பாதி மட்டுமே உண்மை. மீதிப் பாதி தெரியாமல் போனால், அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடைக்காமல் போகலாம். சாவி கொடுத்தவருக்கு ஜெயில் தண்டனை வரை போகலாம்.

இளம் வயதினர் எந்த வயதில், எந்தத் திறன் கொண்ட வண்டியை ஓட்டலாம்? சட்டம் சொல்வது என்ன? முழு விவரத்தையும் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

* 16 வயது முடிந்தவர்கள் 50 சிசி வரையிலான வண்டியை மட்டும், அதுவும் லைசென்ஸ் எடுத்துத்தான் ஓட்ட முடியும்.
* கடைகளில் இன்று புதிதாக விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர், மொபெட் எதுவும் இந்த 50 சிசி வரம்புக்குள் வராது.
* 18 வயது முடிந்தால் கியர் வண்டி லைசென்ஸ் எடுக்கலாம். அதற்கு மேல் இந்தியாவில் சிசி கட்டுப்பாடோ பவர் கட்டுப்பாடோ கிடையாது.
* சிறுவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம்.

50 சிசி விதி எப்படி வந்தது?

இந்தியாவில் யார் எந்த வண்டியை ஓட்டலாம் என்பதை முடிவு செய்வது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 4-வது பிரிவுப்படி, 18 வயது நிரம்பாத யாரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. 50 சிசிக்கு மிகாத இன்ஜின் கொண்ட இருசக்கர வாகனத்தை 16 வயது முடிந்தவர்கள் ஓட்டலாம்.

சட்டம் முதலில் வந்தபோது இந்த விலக்கில் சிசி கணக்கே இல்லை. ‘கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்’ என்றுதான் இருந்தது. 1994-ல் செய்த திருத்தத்தில் அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டு, 50 சிசி என்ற வரம்பைக் கொண்டுவந்தார்கள். ஆனால் மக்கள் மனதில் இன்னும் பழைய விதிதான் நிற்கிறது. “கியர் இல்லேன்னா 16 வயசு போதும்” என்று பலரும் சொல்வதற்கு இதுதான் காரணம். அந்த விதி மாறி 30 வருடம் கடந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 16 வயது என்பது லைசென்ஸ் இல்லாமல் ஓட்ட அனுமதி அல்ல. 16 வயதிலும் முறையாக எல்எல்ஆர் வாங்க வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம். இது சட்டத்தின் 7-வது பிரிவில் இருக்கிறது.

50 சிசி வண்டி இப்போது எங்கே?

இங்கேதான் சிக்கல். சட்டத்தில் 50 சிசிக்கு இடம் இருக்கிறது, ஷோரூமில் 50 சிசி வண்டி இல்லை.

1980-ல் ஓசூரில் தயாராகி வந்தது டிவிஎஸ் 50. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் அதுதான். பால் கேன், பூக்கூடை, அரிசி மூட்டை என்று எல்லாவற்றையும் சுமந்ததால், தமிழ்நாட்டில் அது ஒரு கம்பெனி மாடலின் பெயராக நிற்காமல் மொபெட்டுக்கே பெயராகிவிட்டது. இன்றும் காந்தி மார்க்கெட் பக்கம் நிற்கும் எக்ஸ்எல் வண்டியைக் காட்டி, “அந்த டிவிஎஸ் பிஃப்டியை எடு” என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் இப்போது விற்பனையில் இருக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட்டின் இன்ஜின் 99.7 சிசி. பெயரில் மட்டும்தான் பிஃப்டி. சட்டம் சொல்லும் வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் 17 வயதுப் பையன் இதை ஓட்டினால், சட்டத்தின் பார்வையில் அவன் 350 சிசி புல்லட்டை ஓட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

மற்ற வண்டிகளைப் பாருங்கள். ஹோண்டா ஆக்டிவா, டிவிஎஸ் ஜூபிடர் எல்லாம் 110 சிசி வகை. ஸ்கூட்டி பெப் பிளஸ் 87.8 சிசி. “சின்ன வண்டிதானே, பொண்ணுங்க ஓட்டுற வண்டிதானே” என்று நினைக்கும் ஸ்கூட்டி கூட 50 சிசியைத் தாண்டியதுதான்.

பழைய 50 சிசி வண்டி வீட்டில் இருந்தால்? ஆர்சி உயிரோடு இருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். ஷெட்டில் கிடக்கும் தாத்தா காலத்து வண்டியைத் துடைத்து எடுத்தால் மட்டும் போதாது.

ஆக, 16 முதல் 18 வயது வரை இருப்பவர்களுக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகப் போக வண்டிதான் இல்லை.

பேட்டரி வண்டி என்றால் லைசென்ஸ் வேண்டாமா?

இதற்கு இரண்டு பதில் உண்டு. வண்டியின் மோட்டார் திறனைப் பொறுத்து பதில் மாறும்.

முதல் வகை, குறைந்த வேக பேட்டரி வண்டி. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் திறன் 250 வாட்ஸுக்குக் கீழே, அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால், அது ‘மோட்டார் வாகனம்’ என்ற கணக்கிலேயே வராது. லைசென்ஸ், பதிவு எண் தேவையில்லை. ஆனால் அந்த மாடலுக்கு அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும். வாங்கும்போது கடைக்காரரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை, வழக்கமான இ-ஸ்கூட்டர். ஓலா, ஏத்தர், டிவிஎஸ் ஐக்யூப் போன்றவை இந்த வரம்பைத் தாண்டியவை. இவற்றுக்குப் பச்சை நிற நம்பர் பிளேட், பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாமே தேவை. “சத்தமே வரலை, பெட்ரோலும் இல்லை, இதுக்கு எதுக்கு லைசென்ஸ்” என்ற வாதம் செல்லாது. 16 வயதுக்கான விலக்கு இன்ஜின் சிசியை வைத்து எழுதப்பட்டது. அதைக் காட்டி இந்த ஸ்கூட்டர்களைச் சிறுவர்களிடம் கொடுக்க நினைப்பது ஆபத்து.

குறைந்த வேக வண்டி என்று வாங்கிவிட்டு, மெக்கானிக்கிடம் கொடுத்து ‘ஸ்பீடு ஏத்தி’ வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. 25 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டிய அடுத்த நொடியே அது மோட்டார் வாகனம் ஆகிவிடும். அப்போது பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, லைசென்ஸும் இல்லை என்று மூன்று குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

பிடிபட்டால் என்ன நடக்கும்?

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, சிறுவர்கள் ஓட்டுவதற்கென்றே 199ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் இது அமலில் இருக்கிறது. இதன்படி:

* சிறுவர் செய்த வாகனக் குற்றத்துக்குப் பெற்றோர், பாதுகாவலர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார்.
* அவருக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் ரூ.25,000 அபராதமும் உண்டு.
* அந்த வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும்.
* ஓட்டிய சிறுவர் 25 வயது முடியும் வரை எல்எல்ஆரோ லைசென்ஸோ எடுக்க முடியாது.

“எனக்குத் தெரியாமல் எடுத்துட்டுப் போயிட்டான்” என்று சொன்னால் தப்பிக்கலாமா? சொல்லலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது பெற்றோரின் பொறுப்பு. பெற்றோர் சம்மதத்தோடுதான் வண்டி எடுக்கப்பட்டது என்று கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்பதை ஆதாரத்தோடு காட்டினால்தான் விலக்கு.

சரி, சிறுவரிடம் முறையான எல்எல்ஆர் இருந்து, அதில் அனுமதித்த வண்டியைத்தான் ஓட்டினார் என்றால்? அப்போது பெற்றோர்மீது இந்தப் பிரிவு பாயாது. ஆனால் அது 50 சிசி வண்டியாக இருக்க வேண்டும். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

இது தவிர, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 181-வது பிரிவிலும், தகுதி இல்லாதவரிடம் வண்டி கொடுத்ததற்கு 180-வது பிரிவிலும் தலா ரூ.5,000 அபராதம் உண்டு. புதிய அபராதத் தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. ஹெல்மெட் போடாவிட்டால் ரூ.1,000. பின்னால் உட்கார்பவருக்கும் இது பொருந்தும். ட்ரிபிள்ஸ் போனால் இன்னொரு ரூ.1,000.

இந்த அபராதங்களை அங்கேயே கட்டிவிட்டு வந்துவிடலாம். 199ஏ அப்படி இல்லை. அது கோர்ட் படியேற வைக்கும் பிரிவு.

25 வயது வரை லைசென்ஸ் இல்லை என்றால் என்ன ஆகும்?

ஜெயில், அபராதம் என்பதைவிடப் பல குடும்பங்களுக்கு வலிக்கப்போவது இதுதான்.

17 வயதில் பிடிபட்ட பையன் ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்து 20 வயதில் வேலை தேடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். டெலிவரி, கொரியர், சேல்ஸ், ஃபீல்டு சர்வீஸ் என்று எந்த வேலைக்குப் போனாலும் முதலில் கேட்பது “டூவீலர் லைசென்ஸ் இருக்கா?” என்றுதான். கார், வேன் ஓட்டப் போகலாம் என்றால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும். இந்தத் தடை டூவீலருக்கு மட்டும் அல்ல, எல்லா வகை வாகனத்துக்கும் சேர்த்துத்தான். 18-லிருந்து 25 வரை ஏழு வருடம். ஒரு இளைஞன் சம்பாதிக்கத் தொடங்கும் வயது முழுக்க இதிலேயே போய்விடும்.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அடிபட்ட எதிர்த்தரப்புக்கு இழப்பீடு கிடைக்கும். ஆனால் அந்தப் பணம் கடைசியில் யார் பாக்கெட்டிலிருந்து போகும் என்பதுதான் கேள்வி.

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ள கோர்ட் அனுமதிக்கலாம். சுப்ரீம் கோர்ட் 2004-ல் ஒரு தீர்ப்பில் இதை விரிவாக விளக்கியிருக்கிறது.

2011-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த இன்னொரு வழக்கு எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. லைசென்ஸ் இல்லாத ஒரு சிறுவன், உறவினரின் பைக்கை எடுத்துக்கொண்டு போய் விபத்தை ஏற்படுத்தினான். ஸ்கூட்டரில் வந்தவர் இறந்துபோனார். “சாவியை எனக்குத் தெரியாமல் எடுத்துட்டான்” என்றார் பைக் உரிமையாளர். கோர்ட் அதை ஏற்கவில்லை. வண்டி தகுதியில்லாதவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உரிமையாளரின் கடமை என்று சொல்லி, இழப்பீட்டுத் தொகையை அவரிடமிருந்து இன்சூரன்ஸ் கம்பெனி வசூலித்துக்கொள்ளலாம் என்ற உத்தரவை உறுதி செய்தது. விபத்து வழக்குகளில் இழப்பீடு லட்சக்கணக்கில் போகும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டிய நிலை கூட வரலாம்.

ஓட்டிய பையனுக்கே ஏதாவது ஆனால்? பாலிசியோடு சேர்த்து வாங்கும் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு, முறையான லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளர் ஓட்டும்போதுதான் பொருந்தும். லைசென்ஸ் இல்லாத மகனுக்கு அது கிடைக்காது.

புள்ளிவிவரமும் பயமுறுத்துகிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் சுமார் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. உயிரிழந்தவர்கள் 17,884 பேர்.

18 வயது ஆகிவிட்டது. என்ன லைசென்ஸ் எடுக்கணும்?

டூவீலர் லைசென்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று ‘கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்’. இன்னொன்று ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’. ஆக்டிவாவில் எட்டு போட்டுக் காட்டி கியர் இல்லாத லைசென்ஸ் வாங்கிவிட்டு, அப்புறம் நண்பனின் பல்சரை எடுத்து ஓட்டுகிறவர்கள் நிறைய பேர். இதுவும் குற்றம்தான். அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் இல்லை என்றுதான் கணக்கு. அபராதமும் இன்சூரன்ஸ் சிக்கலும் அப்படியே வரும். பைக் ஓட்டும் எண்ணம் இருந்தால் முதலிலேயே கியர் வண்டிக்கு விண்ணப்பிப்பது நல்லது. ஏற்கெனவே எடுத்தவர்கள் இன்னொரு வகையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

நடைமுறை இதுதான்:

* பரிவாகன் இணையதளத்தில் எல்எல்ஆருக்கு விண்ணப்பிக்க வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று தேவை.
* சாலை விதிகள், சிக்னல், குறியீடுகள் பற்றிய கம்ப்யூட்டர் தேர்வில் பாஸ் ஆனால் எல்எல்ஆர் கிடைக்கும். இது 6 மாதம் செல்லும்.
* எல்எல்ஆர் கிடைத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும்.
* தேர்வில் கால் ஊன்றாமல் எட்டு போட வேண்டும். கை சைகை, சிக்னல், பிரேக் எல்லாவற்றையும் ஆய்வாளர் பார்ப்பார்.
* 30 வயதுக்குள் எடுக்கும் லைசென்ஸ் 40 வயது வரை செல்லும்.

திருச்சியில் மூன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் இருக்கின்றன. வண்டி நம்பரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிஎன் 45 என்றால் திருச்சி மேற்கு, டிஎன் 48 ஸ்ரீரங்கம், டிஎன் 81 திருச்சி கிழக்கு.

எல்எல்ஆர் வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாத இரண்டு விஷயங்கள் உண்டு. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ பலகை இருக்க வேண்டும். அதன் அளவு 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. லைசென்ஸ் உள்ள பயிற்சியாளரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல்எல்ஆர் கையில் வந்த அன்றைக்கே நண்பனை ஏற்றிக்கொண்டு முக்கொம்பு போனால் அது விதிமீறல்.

18 வயதிலேயே சூப்பர் பைக் ஓட்டலாமா?

ஓட்டலாம். இந்தியச் சட்டம் தடுக்காது. பலருக்கும் தெரியாத விஷயம் இது.

16 வயதுக்காரருக்கு 50 சிசி என்று இறுக்கிப் பிடிக்கும் அதே சட்டம், 18 வயது முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. எட்டு போட்டது 97 சிசி ஸ்ப்ளெண்டரில் இருக்கலாம். ஆனால் கையில் வரும் லைசென்ஸ், 8 குதிரைத்திறன் கொண்ட அந்த ஸ்ப்ளெண்டருக்கும், 1,340 சிசியும் சுமார் 190 குதிரைத்திறனும் கொண்ட சுசுகி ஹயபூசாவுக்கும் ஒன்றுதான்.

மற்ற நாடுகளில் இப்படி இல்லை. படிப்படியாக ஏற வேண்டும்.

சிங்கப்பூரில் 18 வயதில் முதலில் கிடைப்பது 200 சிசி வரைக்குமான ‘2பி’ லைசென்ஸ். அதை ஓராண்டு வைத்திருந்த பிறகுதான் 400 சிசி வரை ஓட்டும் ‘2ஏ’. அதையும் ஓராண்டு வைத்திருந்தால்தான் 400 சிசிக்கு மேல் உள்ள பைக்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சிசியோடு பவரையும் பார்க்கிறார்கள். பொதுவாக 16 வயதில் ‘ஏ1’ லைசென்ஸ், அதற்கு வரம்பு 125 சிசி, 11 கிலோவாட். அதாவது சுமார் 15 குதிரைத்திறன். 18 வயதில் ‘ஏ2’, வரம்பு 35 கிலோவாட், ஏறக்குறைய 47 குதிரைத்திறன். எந்த பைக்கையும் ஓட்டும் முழு லைசென்ஸ் வேண்டும் என்றால், ஏ2-வில் இரண்டு வருட அனுபவத்தோடு 20 வயது ஆகியிருக்க வேண்டும். நேரடியாக எடுத்தால் 24 வயது. நாட்டுக்கு நாடு வயது கொஞ்சம் மாறும்.

நம்ம ஊர் பைக்குகளை இந்த வரம்பில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். காலேஜ் வாசலில் சாதாரணமாக நிற்கும் யமஹா ஆர்15 பைக்கின் இன்ஜின் 155 சிசி, திறன் சுமார் 18 குதிரைத்திறன். ஐரோப்பாவில் 17 வயதுக்காரர் அதைத் தொட முடியாது. கேடிஎம் 390 டியூக் அங்கே ஏ2 வரம்பின் உச்சியை ஒட்டி வரும். இங்கே இரண்டுமே முதல் லைசென்ஸ், முதல் பைக்.

சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக விளைவுகள் வராமல் இருக்காது. 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்ய முயன்று விபத்தில் சிக்கிய யூடியூபர் டிடிஎஃப் வாசன் கைது செய்யப்பட்டார். அவரது லைசென்ஸ் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது. அதே ஆண்டு தீபாவளி சமயத்தில், பைக்கில் பட்டாசைக் கட்டி வெடிக்கவிட்டபடி வீலிங் செய்த வீடியோ வைரலாகி, திருச்சி மாவட்ட போலீசார் கைது நடவடிக்கை எடுத்தனர். சாலையில் ரேஸ் விட்டால் 189-வது பிரிவின்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம். மறுபடி செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம்.

அதனால் முதல் பைக் எது என்பதை இங்கே வீடுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. முதல் ஓரிரு வருடம் 100 முதல் 125 சிசி வண்டியில் பழகிவிட்டு மேலே போவது, சட்டம் சொல்லாவிட்டாலும் நாமே வைத்துக்கொள்ளக்கூடிய விதி. 125 சிசிக்கு மேல் வாங்கும்போது ஏபிஎஸ் பிரேக் இருக்கிறதா, அது முன் சக்கரத்துக்கு மட்டுமா, இரண்டு சக்கரத்துக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

கேள்வி: மெயின் ரோட்டுக்குப் போகாமல் உத்திர வீதி, சித்திரை வீதிக்குள் மட்டும் ஓட்டினால்?

பதில்: அதுவும் குற்றம்தான். பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்தத் தெருவும் சட்டப்படி ‘பொது இடம்’. கோயில் வீதி, கொள்ளிடக் கரை ரோடு, சந்து எல்லாம் இதில் அடங்கும்.

கேள்வி: வண்டி அம்மா பெயரில் இருக்கிறது. சாவி கொடுத்தது அப்பா. யார்மேல் கேஸ் வரும்?

பதில்: 199ஏ பிரிவு பாதுகாவலர், உரிமையாளர் இருவரையும் குறிப்பிடுகிறது. ஆர்சியில் பெயர் இருப்பவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: காலேஜ் சீனியர் தன் பைக்கை 17 வயது ஜூனியருக்கு ஓட்டக் கொடுத்தால்?

பதில்: மாட்டுவது அந்த சீனியரும்தான். உரிமையாளர் என்ற முறையில் அவர்மீது வழக்கு வரும், அவர் வண்டியின் பதிவும் ரத்தாகலாம். ஃபர்ஸ்ட் இயர் மாணவர்களில் பலருக்கு 18 முடிந்திருக்காது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் பிறந்தநாள். 18 ஆகப்போகிறதே, இப்பவே ஓட்டலாமா?

பதில்: கூடாது. 18 வயது முடிந்திருக்க வேண்டும். முடிந்த பிறகும் எல்எல்ஆர் இல்லாமல் ஓட்டக் கூடாது.

கேள்வி: லைசென்ஸ் கார்டு வீட்டில் இருக்கிறது. மொபைலில் காட்டினால் போதுமா?

பதில்: டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் ஆப்பில் இருக்கும் லைசென்ஸ் செல்லும். கேலரியில் இருக்கும் போட்டோ செல்லாது.

அதுவரை என்ன வழி?

சாதாரண ரோட்டில்தானே போகிறான் என்று நினைத்தாலும், திருவானைக்காவல் பக்கம் சென்னை நெடுஞ்சாலை இருக்கிறது. சஞ்சீவி நகர், நம்பர் ஒன் டோல்கேட் பக்கம் லாரியும் ஆம்னி பஸ்ஸும் போகும் வேகத்துக்கு நடுவே 17 வயதுப் பையன் எடுக்க வேண்டிய முடிவுகள் நொடியில் எடுக்க வேண்டியவை.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் படிப்பவர்களுக்கு இலவச சைக்கிள் கிடைக்கிறது. மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இருக்கிறது. பெண் பிள்ளைகள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போகலாம். ஸ்ரீரங்கத்துக்கும் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒன்றாம் நம்பர் பஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. டியூஷனுக்குப் பத்து நிமிஷம் லேட்டாகலாம். அதற்கு மேல் எதுவும் ஆகாது.

சட்டம் 16-லிருந்து 18 வரை காத்திருக்கச் சொல்வது இரண்டே வருடம். அவசரப்பட்டு மாட்டிக்கொண்டால் காத்திருக்க வேண்டியது 25 வயது வரை. வீட்டில் சாவி மாட்டும் ஆணி கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும்.